நமக்கு ஏன் ஒரு குமரேசன் வேண்டியிருக்கிறது?

'விடுதலை' முதல் பாகத்தை அது வெளியான மூன்றாம் நாள், 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை இரவுக்காட்சியில் பார்த்தேன். கூட வந்தவர் என் பெரியப்பா மகன். போலீஸ்காரர். எந்தப் பிரிவு, எந்த ஊர் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். காடு, முகாம், ராத்திரி டியூட்டி என்று சில வருஷங்கள் அலைந்தவர் என்பது மட்டும் போதும்.

படம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது நான் குமரேசனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். கரடி அடித்த பெண்ணை போலீஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகிறான். அதற்கு மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்க மறுக்கிறான். அதற்காகத் தண்டனையை வருஷக்கணக்கில் செய்யச் சொன்னாலும் செய்வான் போலிருக்கிறது. இப்படி ஒரு கடைநிலைக் காவலரை மையமாக வைத்தது எவ்வளவு பெரிய விஷயம் என்றெல்லாம் சொன்னேன். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார். "அந்த மாதிரி ஒருத்தன் கேம்ப்ல ஒரு வாரம் தாங்கமாட்டான்டா. தாங்கிட்டான்னா அவன் அந்த மாதிரி இருக்கமாட்டான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது. போலீஸ்காரர்களுக்குப் போலீஸ் படம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, விசாகப்பட்டினத்தில் ஒரு தீர்ப்பு வந்தது. வாகபல்லி வழக்கு. தமிழில் பெரிதாக யாரும் கவனித்ததாக நினைவில்லை. அந்த வாரம் நாம் எல்லோரும் 'விடுதலை'யின் முதல் ஒற்றை ஷாட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தோம், நானும்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

வாகபல்லி, ஆந்திரத்தின் கிழக்கு மலைத்தொடரில் ஜி.மாடுகுல மண்டலத்தில் உள்ள சிறிய கோண்டு பழங்குடிக் கிராமம். 2007 ஆகஸ்ட் 20 காலை, தேடுதல் வேட்டைக்குப் போன கிரேஹவுண்ட்ஸ் படையினர் ஊருக்குள் வந்தார்கள், பதினொரு பெண்களைக் கூட்டு வல்லுறவு செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அன்றே புகார் பதிவானது. அந்தத் தேடுதல் அணியில் 21 பேர். உயர்நீதிமன்றம், உச்சநீதிமன்றம் என்று இழுத்துக்கொண்டே போய், கடைசியில் 13 பேர் மட்டும் விசாரணைக்கு வந்தார்கள். பதினாறாம் வருஷம் தீர்ப்பு: பதின்மூன்று பேரும் விடுதலை. (ஆமாம், அதே சொல்தான்.) விசாரணை அதிகாரிகள் முறையாகப் புலனாய்வு செய்யவில்லை என்று நீதிமன்றமே சொன்னது. அந்தப் பெண்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. குற்றவாளி யாரும் இல்லை, இழப்பீடு உண்டு. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் படையைப் பற்றிக் கொஞ்சம்.

கிரேஹவுண்ட் வேட்டை நாய் மோப்பத்தால் அல்ல, கண்ணால் பார்த்துத் துரத்தும். நம்மூர் சிப்பிப்பாறை மாதிரி. 1989இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் கே.எஸ்.வியாஸ் என்ற ஐ.பி.எஸ். அதிகாரி நக்சலைட்டுகளை எதிர்கொள்வதற்கென்றே உருவாக்கிய படைக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அதுவரை போலீஸ் ஜீப்பில் போகும். சாலையில் கண்ணிவெடி வைத்திருப்பார்கள். ஜீப் தூக்கி எறியப்படும். வியாஸின் யோசனை எளிமையானது. ஜீப்பை விடு, நட. சின்னச் சின்னக் குழுவாகப் போ. சாப்பாட்டை முதுகில் சுமந்துகொள். நாள் கணக்கில் காட்டிலேயே இரு. இருட்டில் நகர். சுருக்கமாகச் சொன்னால், கெரில்லாவைப் பிடிக்க கெரில்லாவாக மாறு. இளைஞர்களாகப் பார்த்து எடுத்தார்கள், கூடுதல் சம்பளம் கொடுத்தார்கள், கடுமையான பயிற்சி. வியாஸையே 1993 ஜனவரியில் ஹைதராபாத் லால் பகதூர் மைதானத்தில் நக்சலைட்டுகள் சுட்டுக் கொன்றார்கள். படை நின்றுவிடவில்லை. ஆயுதப் போராட்டம் இருந்த மற்ற மாநிலங்களும் இதைப் பார்த்துத்தான் தங்கள் சிறப்புப் படைகளைப் பழக்கின.

இந்தப் படை வருவதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் முன்னாலேயே ஒருவர் இதை எழுதிவிட்டார். மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' சிறுகதை. ஸ்பிவாக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பில் கல்லூரியில் படித்தேன். அதில் வரும் சேனாநாயக் சாதாரண வில்லன் அல்ல. படித்தவர், இலக்கியம் தெரிந்தவர், எதிரியை அழிக்க வேண்டும் என்றால் எதிரியாக மாறிப் பார்க்க வேண்டும் என்று நம்புகிறவர். எதிர்காலத்தில் இதையெல்லாம் அந்தப் பழங்குடிகள் பக்கம் நின்று எழுதப்போவதாகக்கூட மனதுக்குள் ஒரு நினைப்பு வைத்திருப்பவர். வியாஸின் கொள்கை அப்படியே இருக்கிறது, கூடவே ஒரு புத்தக அலமாரியும். எழுபதுகளில் எழுதப்பட்ட கதை என்றால் நம்புவது கஷ்டம்.

கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். பிடிபட்ட சந்தால் பெண்ணான தோப்தி, இரவு முழுக்க நடந்த வல்லுறவுக்குப் பிறகு, உடுத்திக்கொள்ள மறுத்து சேனாநாயக்கின் முன்னால் வந்து நிற்கிறாள். ஆயுதம் இல்லாத ஒருத்தியின் முன்னால் அந்த அறிவாளி முதன்முறையாகப் பயப்படுகிறார். இந்த முடிவை நான் பல வருஷம் வேதம் மாதிரி நம்பினேன். கல்லூரிக் கருத்தரங்கில் இதைப் பற்றிக் கட்டுரை வாசித்து, கைதட்டல்கூட வாங்கியிருக்கிறேன்.

வாகபல்லிக்குப் பிறகு எனக்கு அந்த முடிவின் மேல் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. மகாஸ்வேதாவின் மேல் அல்ல, என்னுடைய வாசிப்பின் மேல். தோப்தி யார் முன்னால் போய் நிற்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். உத்தரவிட்டவர் அங்கேயே, கூடாரத்துக்கு வெளியே நிற்கிறார். அவருக்கு ஒரு பெயரும் முகமும் இருக்கின்றன. கதையின் வலிமையே அந்த நேருக்கு நேரில்தான் இருக்கிறது. வாகபல்லிப் பெண்களும் போய் நின்றார்கள். ஒருத்தி அல்ல, பதினொரு பேர். ஒரு நாள் அல்ல, பதினாறு வருஷம். தெலுங்கு பேசும் நீதிமன்றத்தில், மலையிலிருந்து இறங்கி வந்து, திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தீர்ப்புக்கு முன்பே அவர்களில் இருவர் இறந்துவிட்டார்கள். அவர்களுக்கு எதிரில் பயப்படுவதற்கு ஒரு சேனாநாயக் இல்லை. எந்தக் கை யாருடையது என்று காட்டுவதற்கான அடையாள அணிவகுப்பு நடத்தப்படவே இல்லை. சந்தேகத்துக்கு உள்ளானவர்களை மற்றவர்களோடு வரிசையில் நிறுத்தி, இவர்தானா என்று பாதிக்கப்பட்டவரைக் கேட்பது புலனாய்வில் அரிச்சுவடிப் பாடம். அதைச் செய்யாமல் விட்டால் பதின்மூன்று பேர் பதின்மூன்று பேராகவே இருப்பார்கள், ஒருவரும் ஒருவராக ஆகமாட்டார்.

கெரில்லா போலப் பழக்கப்பட்ட படையின் திறமை, காட்டில் தெரியாமல் இருப்பது. கேஸ் என்று வந்தபோது அந்தத் திறமை நீதிமன்றத்துக்குள்ளும் வந்துவிட்டது. சேனாநாயக் செய்த தப்பு அவர் அங்கே இருந்ததுதான். அவருக்குப் பின்னால் வந்த அமைப்பு அந்தத் தப்பைச் செய்வதில்லை.

இப்போது குமரேசனிடம் திரும்பி வருகிறேன்.

'விடுதலை'யின் குறை என்று பலரும் சொன்னது வன்முறைக் காட்சிகளின் அளவை. எனக்கு அது பிரச்சினை இல்லை, பிரச்சினை வேறு. படத்தின் கடைசிப் பகுதியை யோசித்துப் பாருங்கள். ஸ்டேஷனுக்குள் ஊர்ப் பெண்களை நிர்வாணமாக்கிச் சித்திரவதை செய்கிறார்கள். அவர்களில் குமரேசன் நேசிக்கும் பெண்ணும் இருக்கிறாள். அவளைக் காப்பாற்ற அவனுக்குத் தெரிந்த ஒரே வழி, பெருமாள் வாத்தியாரைப் பிடித்துக் கொடுப்பது. அதற்காகக் கூரைகள் மேலே ஓடுகிறான். அந்த ஓட்டத்தில் நாம் அவனோடு ஓடுகிறோம், சீக்கிரம் பிடிடா என்று பதறுகிறோம். நான் பதறினேன். தியேட்டரே பதறியது.

என்ன நடந்திருக்கிறது என்று கவனியுங்கள். மொத்தக் கம்பெனியாலும் முடியாததை மனசாட்சி உள்ள ஒருவன் செய்து முடிக்கிறான். அதாவது அந்தப் படையின் மிகச் சிறந்த வேட்டைக்காரன் அதன் ஒரே நல்லவன். சித்திரவதை பலன் கொடுத்துவிட்டது, ஆனால் பழி யார் மேலும் ஒட்டவில்லை. ஏனென்றால் அவன் ஓடியது அன்பினால். வெற்றிமாறனுக்கு இந்த முரண் தெரியாமல் இருக்காது, அவர் அவ்வளவு எளிமையான இயக்குநர் இல்லை. குமரேசனின் முகத்தில் கடைசியில் ஒரு குழப்பம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் படத்தின் வேகம் அந்தக் குழப்பத்தை நமக்குத் தருவதில்லை. நமக்குக் கிடைப்பது ஆறுதல். இந்தப் படையில் நாம் இருந்தால் குமரேசனாகத்தான் இருந்திருப்போம் என்ற ஆறுதல்.

வாகபல்லிக்குப் போன 21 பேரில் ஒரு குமரேசன் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் பதினாறு வருஷத்தில் ஒரு வாக்குமூலமாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அண்ணன் டீக்கடையில் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தாங்கியவன் அந்த மாதிரி இருக்கமாட்டான்.

இதே படத்தில் உண்மைக்கு ரொம்பப் பக்கத்தில் போகும் காட்சிகள் ரத்தமே இல்லாதவை. தலைமைச் செயலரும் அதிகாரிகளும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நடந்ததை எந்தச் சொற்களில் வெளியே சொல்வது என்று தீர்மானிக்கும் காட்சிகள். இரண்டாம் பாகத்திலும் அவை வருகின்றன. டீ வருகிறது, ஒருவர் ஒரு வார்த்தையை மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் தலையாட்டுகிறார். முகமில்லாத படைக்கு முகம் இல்லாமல் செய்வது இந்த மேஜைதான். ஜெயமோகனின் 'துணைவன்' கதையிலிருந்து இவ்வளவு தூரம் வளர்த்து எடுத்தவர்கள், இந்த மேஜையை மட்டும் வைத்தே ஒரு படம் எடுத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். யாரும் தயாரிக்கமாட்டார்கள், அது வேறு விஷயம்.

தமிழில் இன்னொரு வழி ஏற்கெனவே காட்டப்பட்டிருக்கிறது. ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி', 2004இல் வந்த நாவல். வீரப்பனைத் தேடி அமைக்கப்பட்ட அதிரடிப்படை வேறு வகைப் படைதான், வீரப்பன் புரட்சிக்காரரும் அல்ல. ஆனால் காட்டுக்குள் போன சிறப்புப் படை என்ற வகையில் ஒப்பிட இடம் இருக்கிறது. அந்த நாவலில் எனக்கு முக்கியமாகப் படுவது அதன் வரிசை. படை உடனே வருவதில்லை. முதல் பாதி முழுக்கத் தொட்டியின் வாழ்க்கை. நிலம், ராகி, தேன், தெய்வம், கல்யாணம், நிலத்தைப் பிடுங்க வருகிறவன். யார் யாருக்கு என்ன உறவு என்பதெல்லாம் தெரிந்து, நாமும் அந்த ஊர்க்காரர் மாதிரி ஆனபிறகுதான் பூட்ஸ் சத்தம் கேட்கிறது. முதல்முறை படித்தபோது முதல் பாதி கொஞ்சம் இழுவை என்று நினைத்தேன். ஒரு நண்பரிடம் சொல்லியும் இருக்கிறேன். அது என் அறியாமை. பாலமுருகன் ஒரு மனித உரிமை வழக்கறிஞர்; வழக்கில் பாதிக்கப்பட்டவர் எப்போதுமே குற்றம் நடந்த நிமிஷத்திலிருந்துதான் பிறக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நாவலில் அவர் அதைத் திருப்பிப் போட்டிருக்கிறார். படைக்காரர்களுக்கு முகம் தேடுவதை விட்டுவிட்டு, முகம் இருப்பவர்களின் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அதில் குமரேசன் கிடையாது. அதனால்தான் படிப்பது அவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

ஆந்திரத்துக் காடு நமக்கு அந்நியம் என்று நினைக்க வேண்டாம். நான் திருவண்ணாமலை மாவட்டம். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரக் கடத்தல் தடுப்புப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றபோது, அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலித் தொழிலாளிகள். சில உடல்கள் எங்கள் மாவட்டத்துக்கு வந்தன. அதுவும் கிரேஹவுண்ட்ஸ் இல்லை, வேறு படை. ஆனால் தற்காப்புக்காகச் சுட்டோம் என்ற வாக்கியம் அதேதான். வாகபல்லி மலைகளின் கதையும் நீளமானது. அந்தப் பகுதி இப்போது அல்லூரி சீதாராம ராஜு மாவட்டம். 1922 முதல் 1924 வரை அங்கே போலீஸ் ஸ்டேஷன்களைத் தாக்கி, மலைமக்களைத் திரட்டிப் போராடியவரின் பெயர். அவரைப் பிடிக்க அன்றைய சென்னை மாகாண அரசு அனுப்பிய படைகளில் ஒன்று மலபார் ஸ்பெஷல் போலீஸ். சாதாரண போலீஸால் முடியவில்லை, சிறப்புப் படை வேண்டும் என்பது அந்த மலைகளில் நூறு வருஷப் பழைய யோசனை. போராளியின் பெயரை மாவட்டத்துக்கு வைத்தாயிற்று. அதே மாவட்டத்துப் பெண்களின் வழக்கு இப்படி முடிந்தது. ஒரு நாவலாசிரியர் இதை எழுதியிருந்தால் ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று நானே விமர்சித்திருப்பேன்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருப்பதாக அண்ணனிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பலிமேலா தெரியுமா ஒனக்கு?" என்றார்.

தெரியும். 2008 ஜூன் 29. ஒடிசாவின் பலிமேலா நீர்த்தேக்கத்தில் படகில் திரும்பிக்கொண்டிருந்த படையை மாவோயிஸ்டுகள் மலை மேலிருந்து சுட்டார்கள். 38 பேர் இறந்தார்கள், பெரும்பாலானவர்கள் கிரேஹவுண்ட்ஸ் இளைஞர்கள். தரையில் யாராலும் நெருங்க முடியாத படை, தண்ணீரில் ஒளிய இடமில்லாமல் செத்தது.

"அந்தப் பசங்களப் பத்தி எவனாச்சும் கத எழுதுனானா? ஒன்னோட ஆளுங்கள்ள?"

எனக்குப் பதில் இல்லை. தமிழில் இல்லை என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால் அநேகமாகக் கொடியும் பின்னணி இசையுமாக எழுதியிருப்பார்கள். அது எழுதாமல் விட்டதைவிட மோசம். அண்ணனின் கேள்வி நியாயமானது. அது என் வாதத்துக்கு எதிரானது என்றுதான் முதலில் நினைத்தேன். யோசித்தால் அப்படி இல்லை. பலிமேலாவில் செத்தவர்களும் நமக்கு 38 என்ற எண்தான். படைக்கு முகம் இல்லாமல் செய்கிற மேஜை, குற்றம் செய்தவனை மட்டும் மறைப்பதில்லை. செத்தவனையும் சேர்த்துத்தான் மறைக்கிறது. முதுகில் மூட்டையோடு நாள் கணக்கில் நடந்த விவசாயி வீட்டுப் பையன் என்ன நினைத்தான், எதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான், எப்போது மூடப் பழகினான் என்பதை எழுத ஆள் வேண்டும். அவன் குமரேசனாக இருக்க வேண்டியதில்லை. என் அண்ணன் மாதிரி இருந்தால் போதும்.

இரண்டு பக்கத்தையும் ஒரே கண்ணால் பார்த்தவர் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான், அவரும் புனைகதை எழுத்தாளர் இல்லை. கே.பாலகோபால். காகதீயப் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்தவர், பிறகு மனித உரிமை வழக்கறிஞர். என்கவுன்டர் நடந்த ஊர்களுக்கெல்லாம் போய் விசாரித்து எழுதினார். மாவோயிஸ்டுகளின் கொலைகளையும் அதே கறாரோடு விமர்சித்ததால், தான் வளர்த்த அமைப்பிலிருந்தே வெளியேற நேர்ந்தது. 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர்நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றும் வழக்காகப் பதியப்பட வேண்டும், தற்காப்பு என்பதை விசாரணையில்தான் நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. சுட்ட போலீஸ்காரர்களின் பெயர்களும் பதியப்பட வேண்டுமா என்பதும் அங்கே விவாதத்தில் இருந்தது. பெயர். மறுபடியும் அதே இடம். அந்தத் தீர்ப்பை உச்சநீதிமன்றம் அந்த ஆண்டே நிறுத்திவைத்தது. அக்டோபரில் பாலகோபால் இறந்துபோனார். அவருடைய கட்டுரைகளில் நடை, உவமை, அலங்காரம் எதுவும் கிடையாது. எங்கே, எப்போது, யார், எத்தனை பேர், அவ்வளவுதான். கணக்கு வாத்தியார் எழுத்து. 'திரௌபதி'க்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கத் தகுந்தவை என்று நான் சொன்னால் என் இலக்கிய நண்பர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வாகபல்லித் தீர்ப்புச் செய்தியை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். இரண்டு நாள் நீல டிக் மட்டும் இருந்தது. மூன்றாம் நாள் ராத்திரி கூப்பிட்டார்.

"ஐடென்டிஃபிகேஷன் பரேடு வெக்கலியா?"

"வெக்கலண்ணா."

"ஆரம்பத்துலயே வெக்கலியா?"

"எப்பவுமே வெக்கல."

"அப்ப அன்னிக்கே எல்லாருக்கும் தெரியும்டா" என்றார். எல்லாருக்கும் என்றால் யார் யாருக்கு என்று கேட்டேன். பெரியம்மாவுக்கு முட்டிவலி அதிகமாகிவிட்டது, வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், நீ லீவு போட்டு வருவியா என்று கேட்டார்.